கையுறையோடு தொட்டவன்

நினியன் மேட்டு ஆட்டுப்பட்டியிலிருந்து இறங்கி வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. வீட்டில் ஊரே கூடியிருந்தது. கரிப்புகை, ஈரக் கம்பளி, ஆடுகளுக்கு உண்ணி பிடிக்காமல் பூசிய தார். இவற்றுக்கெல்லாம் அடியில் ஆற்றுச் சேற்றின் வாடை.

பலகைமேல் அவன் மனைவி எல்ஸ்பெத் கிடந்தாள். ஆற்றுத் துறையில் வழுக்கி விழுந்து மூழ்கினாள் என்று ஊருக்குச் சொன்னவன் அவன்தான். திருட்டு ஆடுகளைப் பற்றி வாய் திறப்பேன் என்று அவள் மிரட்டியதும், முழங்கால் நீரில் அவள் தலையை அவன் வலக்கை அழுத்திப் பிடித்ததும் வேறு யாருக்கும் தெரியாது.

வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிணத்தின் நெற்றியைத் தொட்டு நகர்ந்தார்கள். தொடாமல் போனால் செத்தவர் கனவில் வருவார். கொன்றவன் தொட்டால் பிணத்தில் ரத்தம் கசியும் என்பது ஊர் நம்பிக்கை.

தலைமாட்டில் எல்ஸ்பெத்தின் சித்தி மேரியன் பாடிக்கொண்டிருந்தாள். கொலையுண்ட பெண், கொன்றவனைப் பெயர் சொல்லி அழைக்கும் பழம்பாட்டு.

"இழவு வீட்டுல இது எதுக்கு சித்தி? எவனோ குடிச்சுட்டுக் கட்டின பொய்" என்றான் நினியன்.

"பொய்யில்ல மாப்ளே. பஞ்சாயத்துக்குப் போகாத கொலையெல்லாம்தான் பாட்டாச்சு. வா, வந்து தொடு."

நினியன் தோல் கையுறையைக் கழற்றவில்லை.

"ஏம்ப்பா, கல்யாணத்தன்னைக்கும் கையுறையோடதான் தொட்டியா?" என்றான் பக்கத்துப் பண்ணை ஜாக். யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள்.

"தார் பூசிப் பூசிக் கை வெடிச்சுக் கிடக்குடா."

தொட்டான். நெற்றி வெளுப்பாகவே இருந்தது.

ஒரு சொட்டும் இல்லை.

மேரியன், கொன்றவன் பெயர் வரும் கடைசிக் கண்ணியைப் பாடாமல் நிறுத்திவிட்டாள்.

நினியன் வெளியே வந்து மூச்சு விட்டான். தப்பித்தாயிற்று. கையுறைக்குள் ஏதோ பிசுபிசுத்தது. வியர்வையாக இருக்கும்.

உருவினான்.

விரல்கள் வழியே ரத்தம் கொட்டியது. காயம் எங்கும் இல்லை.

துறைக்கு ஓடினான். முழங்கால் நீரில் மண்டியிட்டுக் கழுவினான். கழுவக் கழுவ வழிந்தது.

பாட்டு மறுபடி எழுந்தது. விட்டுப்போன அந்தக் கடைசிக் கண்ணி.

திரும்பினான். கரையில் ஊரே நின்றது. முன்னால் மேரியன். அவள் வாய் மூடியிருந்தது.

"யாரு... யாரு சித்தி பாடறது?"

"உனக்குத் தெரியாத குரலா மாப்ளே?"

குரல் அவன் பெயரைச் சொன்னது. தண்ணீருக்கு அடியிலிருந்து.

அவன் வலக்கை தானாக எழுந்து, அவன் பிடரியைப் பற்றியது.

அழுத்தியது.

அந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். கடைசிக் கண்ணிக்கு முன் நிறுத்தி, ஆற்றுப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார்கள்.

சாத்தினாலும் கேட்கும்.