மைமீட்பி கொடுத்த வரி

வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இனி வருவதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை.

சந்திரனின் தென்முனைக் குடியிருப்பில் ஒரு பிரெஸ்பிடேரியன் சபை உண்டு. பூமியில் பழைய ஞானப்பாட்டுப் புத்தகங்களையும் தியான நூல்களையும் கரையான் விட்டுவைக்கவில்லை. கரையான் எட்டாத இடம் இது ஒன்றுதான் என்று கண்டு, சபையார் தாள்களோடு தாங்களும் மேலே ஏறிவிட்டார்கள்.

தொட்டால் பொடியாகும் தாள்கள். அதனால் மைமீட்பி என்ற கருவியைச் செய்தார்கள். தாளைக் கண்ணாடித் தட்டில் வைத்தால் போதும். தெரியும் எழுத்தை மட்டுமல்ல, சுரண்டி அழித்ததையும் அடுக்கடுக்காகத் தேடியெடுத்துப் பாடும். ஞாயிறுதோறும் அது ஒரு வரி கொடுக்கும், சபை அதே வரியைத் திருப்பிப் பாடும். ஊருக்கே ஒரு புத்தகம் இருந்த காலத்து வழக்கம். கொடுத்த வரியைத் திருப்பாமல் விட்டவர் அந்தச் சபையில் இன்னும் பிறக்கவில்லை.

ஆவணக் காப்பாளர் ரூபவதிக்கு ஒரு தீராத ஆத்திரம். அவளுடைய முன்னோர் உபதேசியார் மாசிலாமணி எழுதிய பாட்டு, 'ஐசக் தேவதாசன் இயற்றியது' என்று இருநூறு வருடமாக அச்சாகிறது. கையெழுத்துப் பிரதியில் பெயரைச் சுரண்டிய வடு வெறுங்கண்ணுக்கே தெரியும். அதைக் கருவியில் வைக்க, ஐசக்கின் வாரிசான தலைமை மூப்பர் எட்வின் தேவதாசனிடம் பதினோரு வருடம் அனுமதி கேட்டாள்.

"மூப்பர் சங்கம் கூடட்டும்மா."

"எப்பங்க ஐயா கூடும்?"

"அதை முடிவு பண்ணவே கூடணும்ல?"

பாட்டின் இருநூறாவது ஆண்டு விழா வந்தது. எட்வின் புதுக் கோட்டு மாட்டி முன்வரிசையில் நின்றார். ரூபவதி யாரையும் கேட்கவில்லை. தாளைத் தட்டில் வைத்து, ஆழத் திருகியைக் கடைசிவரை முறுக்கினாள்.

"பகைவன் வீட்டுக் கூரை சரியட்டும், கர்த்தாவே" என்றது கருவி. சபை பாடியது. பகைவன் என்றால் சாத்தான் என்று இருநூறு வருடமாகப் பிரசங்கம்.

கருவி ராகம் மாறாமல் ஓர் அடுக்கு இறங்கியது. "எழுதியவன் உபதேசி மாசிலாமணி."

சபை திருப்பியது. எல்லாரையும்விட உரக்க எட்வின்.

இன்னும் ஓர் அடுக்கு. 'பகைவன்' என்ற சொல்லுக்கு அடியிலும் ஒரு பெயர் சுரண்டப்பட்டிருந்தது. "ஐசக் தேவதாசன் வீட்டுக் கூரை சரியட்டும், கர்த்தாவே. அவன் வம்சமும் சேர்ந்து சரியட்டும்."

தன்னைச் சபித்த பாட்டையே திருடி, தன் பெயரை எடுத்துவிட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார் ஐசக்! முந்நூறு குரல்கள் அதையும் பாடின. எட்வினுக்குக் கண்ணீர் வழிந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை. பழக்கதோஷம்.

"சுருதி சுத்தமா இருந்துச்சுங்க ஐயா" என்றாள் ரூபவதி. "இன்னொரு தரம் பாடலாமா?"

"நீ நல்லா இருப்பியா?"

"இன்னைலேருந்து இருப்பேங்க."

பதினோரு வருடம் கூடாத மூப்பர் சங்கம் ஒரு மணி நேரத்தில் கூடியது. பாட்டு மாசிலாமணியுடையதே என்று ஒப்புக்கொண்டது. சபையாரைச் சபிக்கும் பாட்டு ஆராதனைக்கு ஆகாது என்று அதே தீர்மானத்தில் அதைப் புத்தகத்திலிருந்தே நீக்கியது.

"பேரு வந்துச்சு, பாட்டு போச்சேம்மா" என்று போதகர் வருந்தினார்.

"தேவதாசன் வீட்டுக்கும் போச்சுல்ல, ஐயரே!" ரூபவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரமே காப்பகத்து வாசலில் வரிசை. பெட்டியடியில் கிடந்த தாத்தாமார்களின் ஜெபநோட்டுகளை ஆளாளுக்கு அள்ளி வந்தார்கள், யார் யாரைத் திட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க. பக்தி இலக்கியத்தை எவரும் அவ்வளவு அக்கறையாகப் பாதுகாத்ததில்லை.