குருவி போட்ட பூட்டு

என்டர் விசையை மறுபடி குத்தினான். திரை அதே பதிலைத் துப்பியது.

மோடம் பூட்டப்பட்டிருக்கிறது.

"அடச்சீ" என்றான் மெக்கானிக்.

ஜன்னலுக்கு வெளியே ஆறு செம்மண் நிறத்தில் உறுமிக்கொண்டிருந்தது. ஆற்றின் நீர்மட்டம் அளக்கும் நிலையம் அது. இங்கிருந்து டயல்-அப் மோடம் வழியாக அளவு போனால்தான் கீழே மதகு ஆபீசில் சங்கு ஊதுவார்கள், கரையோர ஜனம் மேட்டுக்கு ஏறும். காலையிலிருந்து அளவு போகவில்லை. பேசுகிற போன் கருவியோ இடி விழுந்து கருகிக் கிடந்தது, லைன் மட்டும் தப்பியிருந்தது. மதகு ஆபீஸ் ஆபரேட்டர் இவனைப் பிடித்து அனுப்பியிருந்தார்.

அந்தக் கரையோரத்தில்தான் அவன் தங்கை இருக்கிறாள், கைக்குழந்தையோடு.

இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸில் ஒரு வழக்கம் உண்டு. மோடத்தைக் கையில் எடுக்கிற ப்ரோக்ராம், 'நான் பேசிக்கொண்டிருக்கிறேன், குறுக்கே வராதே' என்று ஒரு சின்னக் கோப்பைப் பூட்டாகப் போட்டு வைக்கும். போட்டவர் பெயர் அதில் இருக்கும். வேலை முடிந்தால் தானே எடுத்துவிடும். பாதியில் செத்துப்போனால் பூட்டு அப்படியே கிடக்கும், நாம்தான் அழிக்க வேண்டும்.

பெயரைப் பார்த்தான். குருவி.

அந்த ப்ரோக்ராம் உயிரோடு இருக்கிறதா என்று தேடினான். இல்லை. பூட்டை அழித்துவிட்டு டயல் செய்தான்.

பூட்டப்பட்டிருக்கிறது. குருவி.

முதுகுப் பக்கம் குப்பென்று சேற்று வாடை.

"ஆகலையா தம்பி?"

வாசற்படியில் நின்றாள். இவன் வந்ததும் கதவைத் திறந்து, "நிலையக் காவலர் சம்சாரம்" என்று சொன்னவள். தலைமுடியிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

"யாரோ உள்ள உக்காந்து விளையாடறாங்கக்கா. அண்ணன் எங்க?"

"ஆத்துக்குப் போனாரு."

"இந்த மழையிலயா? பின்னறையில இன்னொரு கீபோர்டு ஏதும் இருக்கா?"

"போய்ப் பாருங்களேன்."

அவள் சொன்ன விதம் பிடிக்கவில்லை. டியூட்டியில் கோட்டைவிட்ட புருஷனை எங்கேயோ பதுக்கி வைத்திருக்கிறாள் என்று பட்டது. எழுந்து போய்ப் பார்த்தான். ஒரு கட்டில். சுவரில் மழைக்கோட்டு மாட்டும் ஆணிகள் இரண்டு.

இரண்டும் காலி.

திரும்பி வந்தான். மறுபடி அழித்தான். மறுபடி முளைத்தது.

"குருவின்னா யாருக்கா?"

"அளவு அனுப்புறவங்க."

"அண்ணனோட பட்டப்பேரா?"

லேசாகச் சிரித்தாள். "பூட்டை அழிக்காதீங்க தம்பி. அனுப்ப விடுங்க."

அவனுக்கு எரிச்சல் வந்தது. கம்ப்யூட்டருக்கே தலைமைச் சாவியான ரூட் பாஸ்வேர்ட் தெரிந்தவன் யார் பெயரிலும் உள்ளே நுழையலாம். குருவிதான் பேசணும்னா நானே குருவி. அந்தப் பெயரிலேயே நுழைந்து டயல் செய்தான்.

மோடம் கிரீச்சிட்டது. கரகரத்தது. இணைந்துவிட்டது.

"அளவு சொல்லுங்கக்கா, சீக்கிரம்."

"பதினாறடி."

"எப்பப் பாத்தீங்க?"

"அங்கேர்ந்துதான் வரேன்."

தட்டி அனுப்பினான். மதகு ஆபீசிலிருந்து ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடி வந்தது.

'சங்கு ஊதியாச்சு. ஜனம் ஏறுது. யாரு பாத்த அளவு?'

அப்போதுதான் அவனுக்கு உயிர் வந்தது. 'காவலர் சம்சாரம். இங்கதான் நிக்கறாங்க' என்று தட்டினான்.

பதில் ஓடி வந்தது.

'விளையாடாதீங்க மெக்கானிக். நீங்க கிளம்பின பிறகு காவலரை ஆத்துலேர்ந்து தூக்கினோம். உயிரோட என் பக்கத்துல உக்காந்திருக்கார். காலைல ரெண்டு பேரும் அளவுக் கம்பத்துக்கிட்ட போனாங்களாம். அந்தம்மா உடம்பு இப்பத்தான் மதகுல ஒதுங்குச்சு.'

மெல்லத் திரும்பினான்.

வாசற்படியில் யாரும் இல்லை. தண்ணீர் மட்டும் தேங்கி நின்றது.

'உங்க பேர் இங்க குருவின்னு காட்டுது. அதைப் பாத்ததுலேர்ந்து அவர் அழறார். கீபோர்டைக் கேக்கறார். குடுக்கறேன்.'

பிறகு, தட்டத் தெரியாத விரல்கள் தேடித் தேடித் தட்டுவதுபோல், ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

'குருவி. நீயா?'

மெக்கானிக் இரண்டு கைகளையும் மடிக்கு இழுத்துக்கொண்டான்.

கீபோர்டின் இடுக்குகளில் செம்மண் தண்ணீர் ஊறியது. அவன் பார்த்துக்கொண்டிருக்க, விசைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே அமுங்கின.

'பதினேழடி. நீங்களும் மேட்டுக்கு ஏறுங்க.'