சாம்பிராணித் தொட்டி

தண்ணீர் லாரி மணலில் புதைந்ததும் சேதுராக்கு முதலில் தன் பையைத்தான் தொட்டுப் பார்த்தான். சட்டையில் சுற்றிய நாலுகால் கல்தொட்டி உடையவில்லை.

பாலைவனத்தில் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது கிடைத்தது. உள்ளங்கை அகலம், உள்ளே பழைய கரி. அவனுக்கு வேறென்ன தோன்றும்? வெள்ளிக்கிழமைதோறும் கேம்ப் அறையில் முருகன் படத்துக்கு அதில்தான் சாம்பிராணி போட்டான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு விமானம், மகளுக்குக் கல்யாணம். இந்த நேரம் பார்த்து எவனோ சொல்லிவிட்டான், பழம்பொருள் கையில் இருந்தால் ஜெயில் என்று.

“இங்கனயே வீசிட்டுப் போயிருவமா பாய்?”

“பழசுதானான்னு மியூசியத்துல பாத்துட்டு வீசுங்கண்ணே,” என்றான் லாரி ஓட்டும் நெய்னா. “இப்ப டயர்ல காத்த இறக்கணும். பேசாம இறங்குங்க.”

காற்றை இறக்கினார்கள். சக்கரத்தடியில் சாக்கை விரித்து, கையால் மணலை வாரினார்கள். லாரி முக்கி முனகி மேலேறியது. மலையிடுக்கைத் தாண்டினால் பேரீச்சந்தோப்பு, நடுவே மண்கோட்டை. அதற்குள் ஒரே அறை. அதுதான் மியூசியம்.

“பையில என்னன்னு கேட்டா?”

“சோறுன்னு சொல்லுங்க.”

கண்ணாடிக்குள் ஈட்டிமுனை, பாசிமணி, வெண்கல ஒட்டகம். கடைசிப் பெட்டியில் சேதுராக்கின் கால் நின்றுவிட்டது. அதே நாலு கால், அதே கரி.

நெய்னா அட்டையை வாசித்தான். “ரெண்டாயிரம் வருசமாம். சாம்பிராணி போடுற தொட்டியாம்.”

“நானும் அதானய்யா போட்டேன்.”

“மெதுவா பேசுங்க.”

காவல் கிழவர் சயீத் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தார். கண்ணாடிப் பெட்டியை முகர்ந்தார். பிறகு பையை. போன வெள்ளிக்கிழமை வாசம் அப்படியே இருந்தது.

“சோறு,” என்றான் சேதுராக்கு.

கிழவர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். ஓடலாம்தான். ஓடினால் விமான நிலையத்தில் பிடிப்பார்கள். சேதுராக்கு தொட்டியைச் சுற்றிய சட்டையைப் பிரித்தான்.

சயீத் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அரபியில் ஏதோ கேட்டார்.

“எங்க கிடைச்சதுன்னு கேக்குறாரு.”

“உள்ளதச் சொல்லிரு. போலீசு வருமான்னும் கேளு.”

“கொண்டாந்து குடுத்தவனுக்கு எதுக்குப் போலீசுங்குறாரு.”

“வாய்ல அப்படித்தான் சொல்லுவான்.”

கிழவர் வெளியே போனார். சேதுராக்கு வாசலையே பார்த்தான். திரும்பி வந்தவர் கையில் ஒரு பொட்டலம்.

“உங்க மக கல்யாணம்னு சொன்னேன். இந்த ஊருச் சாம்பிராணியாம். தொட்டி எடுத்துட்டுப் போகக்கூடாது, புகைய எடுத்துட்டுப் போங்குறாரு.”

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்தில் பையைத் திறந்து சோதித்தவன் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, மூடச் சொன்னான். கல்யாணப் பந்தலில் அந்தப் புகை எழுந்தபோதுதான் சேதுராக்கு கிழவரை முழுசாக நம்பினான்.

அதற்காக எல்லாரையும் நம்பிவிட வேண்டாம். ஆனால் நம்முடையது இல்லாததைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனால், பந்தலில் நிம்மதியாக நிற்கலாம்.