பிராண்டும் சத்தம்

1926, அடைமழைக் காலம். மலாயாவில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரிக்கு மருந்து கட்டும் டிரெசராக வந்து சேர்ந்த அன்றே கனகசபைக்குப் பெண்கள் வார்டின் ஈரமண் வாடை பிடிக்கவில்லை. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. நோயாளி ஒருத்திதான், பால்மரம் வெட்டும் வெள்ளையம்மா. பல நாளாக அவளுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. புருஷன் வீரமுத்து ஓடிப்போன ஏக்கம் என்றது தோட்டம்.

தொண்டையைப் பார்த்தார். புண் இல்லை, வீக்கம் இல்லை. இப்படியே விட்டால் செத்துப்போவாள். ஒரு கரண்டி தண்ணீர் புகட்டினார். அது திரும்பி வந்தது.

செம்மண்ணோடு.

கட்டிலுக்கு அடியில் யாரோ நகத்தால் பிராண்டினார்கள். குனிந்து பார்த்தார். வெறும் சிமெண்டுத் தரை.

"உங்களுக்கும் கேக்குதா ஐயா?" என்று கிசுகிசுத்தாள்.

கனகசபை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "என்னத்தை மனசுக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறாய் பிள்ளை? அதுதான் உன்னைக் கொல்லுது. சொல்லு."

"அவரு ஓடிப்போவல. அய்யாவு கங்காணி மம்பட்டியால அடிச்சு, குழியில தள்ளி மூடிட்டாரு. மண்ணு போடறப்ப உசுரு இருந்துச்சு ஐயா. பிராண்டிக்கிட்டே இருந்தாரு. வெளிய சொன்னா எம்புள்ளைக்கும் அதே கதிதான்னு கற்பூரத்த ஏத்தி, அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னாரு. அணைச்சேன்."

சத்தம் நின்றது.

வெள்ளையம்மா கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். பாவம், குடித்த கையோடு தூங்கியும் போனாள்.

போலீசுக்குப் போகக் குடையை எடுத்துக்கொண்டு கனகசபை வெளியே வந்தார். வாசலில் அய்யாவு கங்காணி, தோளில் மம்பட்டியோடு.

"பொம்பள ஏதாச்சும் உளறிச்சுங்களா?"

"ஒண்டும் இல்லை."

கங்காணி மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்துப் படியில் வைத்துக் கொளுத்தினார்.

"அப்ப அணைச்சிருங்க."

மம்பட்டியின் விளிம்பில் செம்மண் காய்ந்திருந்தது. கனகசபை உள்ளங்கையால் நெருப்பை அணைத்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த இடத்தில் நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

சாயங்காலம் மனைவி செல்லப்பாக்கியம் சோறு போட்டாள். முதல் கவளமே இறங்கவில்லை.

அவள் பலகைத் தரையில் காதை வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, கீழ என்னவோ பிராண்டுது."

எலி என்று சொல்ல வாயைத் திறந்தார்.

மண் கொட்டியது.