டொக்டர் ஹூபரின் சிவப்பு டேர்போ

1987 ஜூன் 12, வெள்ளிக்கிழமை. காலை 7.10.

ஷாஃப்ஹவுசன் நகர எல்லையிலுள்ள கெல்லர் கராஜின் வாசலில் இழுவை லொறி வந்து நின்றது. அதன் முதுகில் கால்நடை மருத்துவர் டொக்டர் ஹூபரின் சிவப்பு டேர்போ கார் மூக்கு நசுங்கிக் கிடந்தது. முந்தின நாள் மாலை 5.40க்கு, கன்று ஈனமுடியாமல் தவித்த ஒரு பசுவைப் பார்க்க அவர் விரைந்துகொண்டிருந்தார். வளைவொன்றில் பொனட்டுக்கடியிலிருந்து புகை குபுகுபுவென்று கிளம்பியது. பாதை தெரியவில்லை. கார் கற்சுவரில் மோதியது. டொக்டர் அம்மையாரின் இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இனிமேல் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பாரா என்று வைத்தியர்களால் சொல்ல முடியவில்லை.

7.25. மாநிலப் பொலிஸைச் சேர்ந்த கோர்ப்பரல் ஸ்டாம் பொனட்டை நெம்பித் திறந்தார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டேர்போவின் சிறு சக்கரத்தில் இதழ்கள் முறிந்து மொட்டையாக நின்றன. காற்றுக்குழாய்க்குள் ஸ்பொஞ்சுத் துணுக்குகள். குழாயின் வாயில் பாதி பிய்ந்த, கறுத்த ஸ்பொஞ்சு வடிகட்டி ஒன்று தொங்கியது.

கராஜின் வேலைப் பதிவைப் புரட்டினார். 'மார்ச் 9: தரமான பருத்தி வடிகட்டி பொருத்தப்பட்டது.'

"பருத்தி எங்கே? இது மலிவான ஸ்பொஞ்சு. யார் பொருத்தியது?"

"குலேந்திரன்," என்றான் ரேத்தோ. உதிரிப்பாகப் பகுதிக்குப் பொறுப்பானவன், வயது இருபத்தாறு. "நல்லதை வெளியே விற்றிருப்பான்."

7.40. குலேந்திரனின் அலுமாரியைத் திறந்தார்கள். துவாயின் கீழே ஸ்பொஞ்சு வடிகட்டியின் வெற்றுப் பெட்டி இருந்தது.

குலேந்திரன் தன் ஊரான சுன்னாகத்தில் மோட்டார் மெக்கானிக்காக இருந்தவன். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. களவு, அதனால் ஒருவருக்குக் கடுங்காயம் என்று வழக்குப் பதிவானால் அந்தக் கோப்பின் கதி என்னவாகும் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கேட்டது ஒன்றுக்கும் அவன் பதில் சொல்லவில்லை. தெரிந்த சொற்களும் அவனுக்கு மறந்து போயின.

8.30. மொழிபெயர்ப்பாளர் வந்தார். பெயர் சிவமலர், வயது நாற்பத்தொன்று. வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலை. பொலிஸ் கூப்பிடும்போது மட்டும் இந்த வேலை.

"நான் கேட்பதை அவருக்குச் சொல்லுங்கள், அவர் சொல்வதை எனக்குச் சொல்லுங்கள். அவ்வளவுதான்," என்றார் ஸ்டாம்.

சிவமலர் தலையசைத்தார். அவருடைய கண்கள் எஞ்சினிலேயே இருந்தன. பற்றரியின் மேலும், குழாயின் மடிப்புகளிலும், வடிகட்டி இருந்த கிண்ணத்தின் விளிம்பிலும் மெல்லிய மஞ்சள் தூள் அப்பியிருந்தது. மே மாதம் முழுக்க ஊசியிலை மரங்கள் உதிர்த்த மகரந்தம். அந்த வருடம் நகரத்தில் ஜன்னல் விளிம்பெல்லாம் அதுதான்.

"எந்த வடிகட்டியைப் போட்டார் என்று கேளுங்கள்."

குலேந்திரன் சிவமலரைப் பார்த்துப் பேசினான். "மூண்டு வகை இருந்தது, அக்கா. கடதாசி, ஸ்பொஞ்சு, பருத்தி. டொக்டர் அம்மா எது நல்லதெண்டு என்னட்டைத்தான் கேட்டவ. டேர்போ சும்மா எஞ்சின் மாதிரி இல்லை, காத்தை உறிஞ்சி எடுக்கும். கடதாசி ஈரத்திலை ஊறினா மூச்சடைக்கும். ஸ்பொஞ்சு, டேர்போன்ரை சூட்டிலை காய்ஞ்சு உதிரும். உதிர்ந்த தூள் நேரா சக்கரத்துக்குள்ளைதான் போகும். அதாலை எண்ணெய் பூசின பருத்தியை எடுத்தன். ரெண்டு பக்கமும் கம்பிவலை. கழுவித் திரும்பப் போடலாம். அதின்ரை வாய் அளவும் குழாய்க்குச் சரியா இருந்தது."

சிவமலர் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தார்.

"ஸ்பொஞ்சு உதிரும் என்று தெரிந்தே போட்டிருக்கிறான், பாருங்கள்," என்றான் ரேத்தோ.

"மார்ச்சுக்குப் பிறகு இந்தக் கார் இங்கே வந்ததா?" ஸ்டாம் கேட்டார்.

"இந்தப் புதன்கிழமை மட்டும். எண்ணெய் மாற்ற. காலையில் விட்டுவிட்டு ஐந்து மணிக்கு டொக்டரே எடுத்துப் போனார். நான்தான் மாற்றினேன்," என்றான் ரேத்தோ.

"வடிகட்டியைப் பார்த்தீர்களா?"

"இல்லை. மூடியையே திறக்கவில்லை."

"வேறு யார் இருந்தார்கள்?"

முதலாளி கெல்லர் தொண்டையைச் செருமினார். "நான் மூன்று கிழமை கட்டாய இராணுவப் பயிற்சியில் இருந்தேன். நேற்று இரவுதான் வீட்டுக்கு வந்தேன். புதன்கிழமை ரேத்தோ தனியாகத்தான் கராஜைப் பார்த்துக்கொண்டான்."

"குலேந்திரன்?"

"புதன் முழுக்கத் தலைநகரிலை, பேர்னிலை நிண்டனான்," என்றான் குலேந்திரன். "அகதி விசாரணை. காலமை ஆறு மணி ரயிலிலை போய் இரவு எட்டுக்குத்தான் வந்தனான். கடிதம் இருக்கு."

ஸ்டாம் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மார்ச்சில் போட்ட வடிகட்டிக்குப் புதன்கிழமைக் கதை எதற்கு?"

அதை மொழிபெயர்க்காமல் சிவமலர் டொச்சிலேயே பேசினார்.

"கோர்ப்பரல், ஒன்று கேட்கலாமா?"

"உங்கள் வேலை..."

"தெரியும். என் மற்ற வேலை சலவை. அழுக்கு எனக்குத் தெரியும். பதிவில் எழுத வேண்டாம். அந்த வடிகட்டியைத் தொட்டுப் பார்க்க விடுங்கள்."

ஸ்டாம் சற்று யோசித்தார். பிறகு கையுறை ஒன்றை நீட்டினார்.

9.05. சிவமலர் வடிகட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பு. எல்லா இடமும் ஒரே கறுப்பு. மெக்கானிக்கின் கத்தியை வாங்கி, பிய்யாமல் மிஞ்சிய பகுதியைக் குறுக்கே வெட்டினார். உள்ளே ஸ்பொஞ்சு சாம்பல் நிறமாக, கடையில் வாங்கிய அன்று போலவே இருந்தது.

"எங்களிடம் இரண்டு வகை அழுக்கு வரும்," என்றார். "உடுத்திக் கழித்த அழுக்கு நூலுக்குள் இறங்கியிருக்கும். யாராவது கை துடைத்தால் அது மேலோடு நிற்கும். மூன்று மாதம் காற்றை உறிஞ்சிய ஸ்பொஞ்சில் அழுக்கு அடிவரை போயிருக்க வேண்டும். இது பழைய எஞ்சின் எண்ணெயைக் கையால் பூசியது. பழசு மாதிரித் தெரிவதற்காக."

ஸ்டாம் வெட்டிய துண்டை வாங்கிப் பார்த்தார்.

"இன்னொன்று. சுற்றிப் பாருங்கள். எல்லாவற்றிலும் மஞ்சள் தூள். காற்று வரும் கிண்ணத்திலும் இருக்கிறது. அந்தக் காற்றை வடிகட்டியதாகச் சொல்லும் பொருளில் ஒரு பொட்டுக்கூட இல்லை. மே மாதத்தை இந்த வடிகட்டி பார்க்கவே இல்லை."

ஸ்டாம் கிண்ணத்தின் விளிம்பில் விரலை ஓட்டினார். விரல்நுனி மஞ்சளானது. வடிகட்டியில் ஓட்டினார். கறுப்பு மட்டும்.

"மார்ச்சுக்கும் நேற்றைக்கும் நடுவில் இந்தக் கார் கராஜில் நின்றது ஒரே ஒரு நாள்," என்றார் சிவமலர். "அன்று இவர் பேர்னில், உங்கள் அதிகாரிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முதலாளி இராணுவத்தில். சாவி இருந்தது ஒருவரிடம்தான்."

ஸ்டாம் திரும்பினார். "அந்தப் பருத்தி வடிகட்டி இன்னொரு டேர்போவுக்குத்தான் உதவும். ரேத்தோ, உங்கள் கார் எங்கே?"

"அதற்கும் இதற்கும்..."

"எங்கே?"

பின்முற்றத்தில் ரேத்தோவின் டேர்போ கார், கதவில் பந்தய இலக்கத்தோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைக் கார்ப் பந்தயம். ஸ்டாம் பொனட்டைத் தூக்கினார். உள்ளே எண்ணெய் பூசிய பருத்தி வடிகட்டி. அதன் மடிப்பு ஒவ்வொன்றிலும் மூன்று மாதத் தூசியோடு மஞ்சள் தூள் ஆழமாக இறங்கியிருந்தது.

ரேத்தோ சுவரோரமாகக் குந்தினான்.

"புதிது வர இரண்டு கிழமையாகும் என்றார்கள். என்னுடையது கிழிந்துவிட்டது. ஐந்து நாளைக்கு மட்டும் எடுத்தேன். திங்கட்கிழமை டொக்டரைக் கூப்பிட்டு ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்பப் போட்டிருப்பேன். அந்த ஸ்பொஞ்சு தட்டில் வருடக்கணக்காகக் கிடந்தது. இவ்வளவு சீக்கிரம் உதிரும் என்று நினைக்கவில்லை."

"அலுமாரியில் இருந்த பெட்டி?"

"நேற்று இரவு விபத்தைக் கேள்விப்பட்டதும் வந்து வைத்தேன்."

கெல்லர் அவனைப் பார்க்கவில்லை. அவன் அவருடைய தங்கையின் மகன்.

9.50. ஸ்டாம் பதிவை எழுதி முடித்தார். சிவமலர், 'மொழிபெயர்ப்பாளர்' என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்து வைத்தார். வடிகட்டியை வெட்டிப் பார்த்தது பொலிஸ் என்றே அதில் இருந்தது. அவர் திருத்தச் சொல்லவில்லை.

"தம்பி, ஒரு விசயம் கேக்கிறன்," என்றார் குலேந்திரனிடம். "புதன்கிழமை அவர்தான் தனிய நிண்டவர் எண்டு தெரியும். அவரிலை சந்தேகம் வரேல்லையோ?"

"காலமை பொனட்டுக்குள்ளை பார்த்த உடனை விளங்கிட்டுது, அக்கா."

"பிறகேன் வாய் திறக்கேல்லை?"

"பேர்னிலை ஐஞ்சு மணித்தியாலம் கேட்டவை. என்ரை தமையனை ஆர் சுட்டது, எங்கை நிண்டு சுட்டது, நான் எப்பிடிக் கண்டனான் எண்டு. எல்லாம் சொன்னன். கடைசியிலை, இதுக்குச் சாட்சி இருக்கோ எண்டு கேட்டினம்." அவன் நிறுத்தினான். "கண்ணாலை கண்டதையே நம்பேல்லை, அக்கா. இதை நான் காணவுமில்லை."

சிவமலர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

ஸ்டாம் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவர் போகலாம் என்று சொல்லுங்கள்."

சிவமலர் சொன்னார். குலேந்திரன் கதிரையிலேயே இருந்தான். பொலிஸ்காரர் முதலில் வெளியே போகட்டும் என்று காத்திருப்பவன் போல இருந்தான்.

"தம்பி, நீர் போகலாமாம்," என்று அவர் மறுபடியும் சொன்னார்.

"ஓம், அக்கா," என்றான் அவன். எழும்பவில்லை.

சிவமலர் தன் பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கதிரையை இழுத்து அவனோடு உட்கார்ந்தார்.