கோடு விழாத நகல்

நீதிமன்ற வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"கிடங்குக்குத் தீ வச்சான்னு என் சின்னவனுக்கு ஏழு வருஷம் போட்டுட்டாங்க ஐயா. அப்பீலுக்கு முப்பது நாள் கெடு. புதன்கிழமையோட முடிஞ்சுது. நம்ம மனு வியாழக்கிழமை போயிருக்கு. ஒரே ஒரு நாள்! எடுக்க மாட்டேன்னு திருப்பிட்டாங்க."

அவள் 'ஐயா' என்றது மூலை ஸ்டூலில் இருந்தவரை. நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் பதிலைத் தள்ளிப்போடுவதால் 'வாய்தா' என்று பெயர். ஆனால் பத்திரம் காணோம், கையெழுத்து மாறிப்போச்சு என்றால் வக்கீல்களே அவரைத் தேடி வருவார்கள். கடைக்காரர் நேர் எதிர். வந்தவர் பிராது சொல்லி முடிக்குமுன் குற்றவாளியைப் பிடித்துவிடுவார்.

"வக்கீல் குமாஸ்தா வேலைதான் சார் இது!" என்றார் கடைக்காரர். "அந்த ஆளுக்குச் சாப்பிட்டதே மறந்துபோகும்."

"பெரியவனும் அதைத்தான் சொல்றான். திங்கட்கிழமையே குமாஸ்தாகிட்ட குடுத்துட்டானாம். அன்னிக்கே எனக்கும் ஒரு காப்பி கொண்டாந்தான். படிக்கத்தான் தெரியாது, தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்தேன்."

வாய்தா அந்த நகலை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு தாளிலும் இடது ஓரமாக ஒரு கறுப்புக் கோடு. மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு ஐந்தாம் பக்கம் வந்தது.

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மெஷின் டிரம் பழுது சார், அதான் கோடு. கேட்டவங்ககிட்டெல்லாம், மெஷினே மார்ஜின் போட்டுத் தருதுன்னு சமாளிச்சேன். புதன்கிழமை கோர்ட் பூட்டின பிறகுதான் மெக்கானிக் மனசு இரங்கி வந்து சரி பண்ணினான்."

வாய்தா நகலை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்குப் பத்து மணிக்குப் பெரியவனைக் கூட்டிட்டு வாங்கம்மா. குமாஸ்தாவைத் திரும்பி வந்த கட்டோட நான் வரச் சொல்றேன்."

மறுநாள் அந்தச் சின்னக் கடையில் நால்வரும் நெருக்கியடித்து நிற்க, அவர் மட்டும் ஸ்டூலில் இருந்தார்.

"வியாழக்கிழமை காலையில என் மேஜையில வச்சுட்டுப் போனாரு. பார்த்ததும் பதறி ஓடினேன்," என்றார் குமாஸ்தா. 

"பொய்!" என்றான் பெரியவன். "அம்மாவோடது ஒண்ணு, ஆபீசுக்கு ரெண்டு. மூணு காப்பியும் இதே கடையில திங்கட்கிழமை எடுத்தேன். ஒரிஜினலோட அப்பவே குடுத்துட்டேன்."

"மூணும் ஒரே நேரத்துலயா?"

"ஆமா. வேணும்னா சத்தியம் பண்றேன்."

"சத்தியம் வேண்டாம்ப்பா. தாள் போதும்." வாய்தா இரண்டு நகல்களை அருகருகே வைத்தார். "அம்மாகிட்ட இருக்கிறதுல கோடு இருக்கு. ஆபீசுக்குக் குடுத்ததுல இல்ல. கோடு இல்லாத நகல் இந்தக் கடையில புதன்கிழமை கோர்ட் பூட்டின பிறகுதான் எடுத்திருக்க முடியும்."

கடைக்காரர் வாயைப் பிளந்தார். தன் இயந்திரமே சாட்சி சொல்லும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"அம்மா நம்பணும்னு திங்கட்கிழமை ஒண்ணு மட்டும் எடுத்தே. கெடு முடியுற வரைக்கும் ஒரிஜினலை வச்சிருந்துட்டு, பழி குமாஸ்தா தலையில விழட்டும்னு வியாழக்கிழமை குடுத்தே. அம்மா காப்பியில நாலாம் பக்கத்தை ஏன் உருவிட்டே? யாராவது அவங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டா?"

வாய்தா கட்டிலிருந்து நாலாம் பக்கத்தை எடுத்துப் படித்தார். "'சம்பவத்தன்று கிடங்குச் சாவி மனுதாரரிடம் இல்லை. அங்கேயே வேலை பார்த்த அவருடைய அண்ணனிடம் இருந்தது.'"

பெரியவன் தாயின் பக்கம் திரும்பினான். தாயின் கையை மெல்லப் பிடித்தான். "மாத்திரைக்கு நேரமாச்சும்மா. வா, வீட்டுக்குப் போலாம்."

"ஒரு வழி இருக்கும்மா," என்றார் வாய்தா. "தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். பெரிய பையன் வேணும்னே மறைச்சான்னு நீங்க கையெழுத்துப் போட்டா, கோர்ட் அப்பீலை எடுத்துக்கும். சின்னவன் தப்பிக்கலாம்."

அம்மாள் பெரியவன் கையைப் பார்த்தாள். அதை விடவில்லை.

"நான்தான் பெட்டியில வச்சு மறந்துட்டேன்னு எழுதுங்க."

"மறதின்னா இந்த ஜட்ஜ் தள்ளுபடி பண்ணிடுவாரும்மா. ஏழு வருஷம்."

"சின்னவன் பொறுத்துக்குவான். அவன் சின்னதுலயே அப்படித்தான்."  "உள்ள இருக்கிறவனா ஐயா எனக்கு மாத்திரை வாங்கித் தருவான்? எழுதுங்க."

அவர் எழுதினார். அவள் கைநாட்டு வைத்தாள். அண்ணனும் தாயும் கைகோத்துச் சாலையைக் கடந்து போனார்கள்.

"பெத்த மனம் பித்துன்னு சொல்வாங்களே சார்!" கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாய்தா வழக்கம்போல் நேரம் எடுத்துக்கொண்டார். "பித்து இல்லய்யா. ரொம்பத் தெளிவு. சின்னவனுக்கு இந்த மனுவோட காப்பி ஒண்ணு அனுப்பணும், போடு."

நகல் வெளியே வந்தது. கோடு எதுவும் விழவில்லை. தாயின் பெருவிரல் ரேகை ஒவ்வொன்றும் அதில் தெரிந்தது.