புறம்பாக வைத்த கோப்பை

கோப்பையில் நேற்று விழுந்த மண்ணிறக் கோடு இன்று கனகாம்பிகையின் இடது கன்னத்திலும் இருந்தது.

தவமலர் முதலில் அதைச் சுருக்கம் என்றுதான் நினைத்தாள். எழுபத்திரண்டு வயது முகத்தில் சுருக்கத்துக்கு என்ன பஞ்சம்! ஆனால் காலையில் கிழவியைக் குளிப்பாட்டி, துவாயால் ஒற்றி, கன்னத்துக்குக் கிறீம் பூசும்போது விரல்நுனி அந்தக் கோட்டில் தடக்கியது. அதற்கு விளிம்பு இருந்தது.

வெளிநாட்டில், நோர்பரியில் அந்த வீட்டுக்குப் பராமரிப்பு வேலைக்கு வரத் தொடங்கி எட்டு மாதம். முதல் கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒரு நாள் கனகாம்பிகை, "ஊரில எவடம் பிள்ளை? எந்தக் கோயிலடி?" என்று கேட்டாள். தவமலர் சொன்னாள். அதிலேயே அவளுடைய சாதி கிழவிக்கு விளங்கிவிட்டது. அடுத்த நாள் பொன் விளிம்புக் கோப்பைகள் ஆறும் கொளுவியில் தொங்க, யன்னல் கரையில் புறம்பாக, தனியே ஒரு கோப்பை வந்து உட்கார்ந்திருந்தது.

ஹரோவில் இருக்கும் கிழவியின் மகள் ஜதுர்ஷிகா, யப்பானில் ஒரு சூளைக்கே போய், கையால் செய்தவரிடம் தாய்க்கென்று வாங்கி வந்த கோப்பை அது. வைக்கோலை எரித்த சாம்பலைக் கரைத்து ஊற்றிய தடித்த வெள்ளைப் பூச்சு. அடியில், செய்தவர் பிடித்திருந்த இடத்தில், பூச்சுப் படாத மூன்று விரல் அடையாளம். கோணல் என்று கிழவிக்குப் பிடிக்கவில்லை. அதனால் அது தவமலருக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை ஜதுர்ஷிகா வந்து அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"வடிவா நிறம் பிடிச்சிருக்கு அம்மா. பூச்சில இருக்கிற வெடிப்புக்குள்ள தேத்தண்ணி இறங்கித்தான் இந்தக் கோடெல்லாம் வருது. குடிக்கிற ஆளோட சேர்ந்து இதுவும் மாறும். ஒவ்வொரு நாளும் இதிலதானே குடிக்கிறீங்கள்?"

"ஓம், ஓம். நான்தான் குடிக்கிறன்" என்றாள் கனகாம்பிகை, தவமலர் இருந்த பக்கம் திரும்பாமலே.

தவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கை கிழவியின் முதுகு தேய்க்கலாம், காலிடுக்குக் கழுவலாம், பல்செட்டைக் கழற்றி மினுக்கலாம். கொளுவியில் தொங்குவதை மட்டும் தொடக்கூடாது. ஒருமுறை தெரியாமல் தொட்டபோது கிழவி நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, ஆறு கோப்பையையும் கொதிதண்ணியில் கழுவினாள். சிரித்துக்கொண்டே கழுவினாள்.

'நான்தான் குடிக்கிறன்' என்று கிழவி சொன்ன அந்த ஞாயிறுக்குப் பிறகுதான் அவளுடைய முகத்தில் கோடுகள் தொடங்கின. செவ்வாய்க்கிழமை பின்னேரம், குசினி மேசையில் கிழவியும் அவளும் எதிரெதிரே இருந்தபோது, தவமலர் ஒரு மிடறு குடித்தாள். டிங். சூடான பீங்கான் ஆறும்போது வருகிற சின்னச் சத்தம். கோப்பையைக் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தம் அதிலிருந்து வரவில்லை. எதிர்க் கதிரையிலிருந்து வந்தது.

புதன்கிழமை கிழவி பார்க்காத நேரம் தேத்தண்ணியைச் சிங்கில் ஊற்றினாள். சத்தமில்லை, கோடில்லை. வியாழன் இரண்டே மிடறு. டிங், டிங். கிழவியின் கண்ணிமையில் ஒன்று, மூக்கடியில் ஒன்று. அன்றிரவு தவமலருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. ஹீட்டர் சூட்டில் குசினி முழுக்க ஈரக் களிமண் மணமும், அதற்கு அடியில் எரிந்த வைக்கோலின் மணமும் கனத்து நின்றன. கனகாம்பிகையின் நெற்றி வெள்ளையாக இருந்தது. அதில் மேலே எரிந்த லைட் தெரிந்தது, கழுவிவைத்த பீங்கானில் தெரிவதுபோல.

"முகம் இழுக்குது. இந்தக் குளிர்தான்" என்று சொல்லிக்கொண்டே கிழவி கேத்திலை உயர்த்தி, கோப்பையில் முட்டாமல், மேலேயிருந்து தேத்தண்ணி ஊற்றினாள்.

தவமலர் நிமிர்ந்து பார்த்தாள். கொளுவியில் ஆறு கோப்பை. அதில் ஒன்று போதும். ஒன்றை எடுத்துத் தந்தால் இந்தக் கிழவி தப்பிவிடும்.

"அன்ரி, இண்டைக்கு மட்டும் அந்தக் கோப்பையில ஒண்டு தாங்கோ. உங்கட நன்மைக்குத்தான் கேக்கிறன்."

"ஏன், இதுக்கென்ன? இது உமக்கெண்டு வைச்சது."

"இதில நான் குடிக்க ஏலாது. ஒருக்கா கண்ணாடியில உங்கட முகத்தைப் பாருங்கோ அன்ரி."

கனகாம்பிகை சிரித்தாள். அதே சிரிப்பு.

"உங்கட ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுத்தாக் காணாது. இப்ப கோப்பையும் வேணுமாக்கும். குடியும், ஆறப்போகுது."

தவமலருக்குப் பயம் போய்விட்டது. எட்டு மாதக் கோபம் மட்டும் மிஞ்சியது. கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தாள். மூன்று விரல் அடையாளத்தில் அவளுடைய மூன்று விரல்கள் சரியாகப் பொருந்தின. கிழவியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

டிங்.

நெற்றியில். கழுத்தில். டிங், டிங். சுடச்சுடக் குடித்தாள். நாக்கு வெந்தது. நிறுத்தவில்லை. கடைசி மிடறு.

சத்தம் நின்றது.

கிழவியின் முகம் முழுக்க வலை. கோடுகள் ஈரமாகின. அவற்றிலிருந்து தேத்தண்ணி கசிந்தது. ஆவி பறந்தது. நாடியால் வடிந்து மேசையில் சொட்டியது. இடது கன்னத்தில் ஒரு துண்டு கழன்று விழுந்து உருண்டது. உள்ளே சதை இல்லை. சொரசொரத்த பழுப்புக் களிமண்.

உதடு மட்டும் இன்னும் அசைந்தது.

"குடிச்சாச்சே? அதைக் கழுவி… புறம்பா வையும்."